ஸ்பொன்சர் விசாவுக்கு 28 இலட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 31 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்து 2019 இல் பட்டம் பெற்றவர். அன்றிலிருந்து கண்டியில் ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்தில் வேலை. மலைப்பாதைகளை அகலப்படுத்துவது, மண் சரிந்த இடங்களில் தாங்குசுவர் எழுப்புவது, வடிகால் அமைப்பது என்று ஆறு வருடத்துக்கு மேலான அனுபவம் இருக்கிறது. கடந்த வருடம் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் நேர்முகத்தில் தேறிப் பட்டயப் பொறியியலாளர் ஆகியிருக்கிறார். பொறியியல் பேரவையிலும் பதிந்திருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இவருக்கு இன்னும் திருமணமாகவில்லை.

இரண்டு வருடமாகப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று இணையத்தில் விண்ணப்பித்து வருகிறார். எல்லாப் படிவத்திலும் "எமது நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா?" என்ற கேள்வி வருகிறது. இல்லை என்று போட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்கிடையில் கண்டியில் ஒரு "விசா ஆலோசகர்", பிரித்தானிய நிறுவனமொன்றின் ஸ்பொன்சர்ஷிப் சான்றை 28 இலட்சம் ரூபாவுக்கு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாதி முன்பணம். "ஃபைல் திறக்க" என்று 75,000 ரூபாவும் கடவுச்சீட்டும் ஏற்கெனவே அவர் கைக்குப் போய்விட்டன. தாமதமானால் விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்கிறாராம். அவுஸ்திரேலியா வேண்டுமென்றால் தகுதி அறிக்கை எழுதித் தர வேறாக 3 இலட்சமாம். அம்மா தன் சேமலாப நிதிப் பணத்தைத் தரவும் நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார்.

"உரிமம் பெற்ற பொறியியலாளராக இருந்தும் ஏன் ஒருவரும் மதிக்கவில்லை? அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா? என் பத்திரங்களில் பெயர் பலவிதமாக இருக்கிறது, தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரமும் கைவசம் இல்லை, இவை தடையாகுமா? இப்போதே வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா?" இவைதான் கேள்விகள்.

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்த 14 இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். அம்மாவின் சேமலாப நிதி அவர் பெயரிலேயே இருக்கட்டும். நகை வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் வெளிநாடு போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகலாம். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் காட்டுவது வழியே இல்லை.

ஸ்பொன்சர்ஷிப் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம் முதலில் உள்துறை அமைச்சிடம் ஸ்பொன்சர் உரிமம் பெற வேண்டும். பிறகு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஆளுக்காக, இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று எழுதி ஒரு மின்னணுச் சான்றை வழங்க வேண்டும். அந்தச் சான்றின் இலக்கத்தைக் கொண்டுதான் நீங்கள் விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள். ஆக, வேலை முதலில், சான்று அதற்குப் பிறகு. நேர்முகம் இல்லாமல், உங்களோடு ஒரு பொறியியலாளர்கூடப் பேசாமல், "சான்று மட்டும் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது போலிச் சான்றாக இருக்கும், அல்லது இல்லாத வேலைக்கு எழுதிய சான்றாக இருக்கும். முதலாவதில் விசா கிடைக்காது. இரண்டாவதில் விசா கிடைத்துப் போய் இறங்கினாலும் வேலை இருக்காது. அந்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனால் உங்கள் விசாவும் சேர்ந்தே போகும். விண்ணப்பத்தில் பொய்ப் பத்திரம் வைத்ததாக அதிகாரிகள் முடிவு செய்தால் பத்து வருடத் தடைகூட வரலாம். "எனக்குத் தெரியாது, ஏஜென்ட்தான் செய்தார்" என்ற பதில் அங்கே எடுபடுவதில்லை.

சட்டமும் இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. வெளிநாட்டவரை எடுப்பதற்காக ஒரு பிரித்தானிய நிறுவனம் அரசுக்குக் கட்டும் திறன் வரி பெரிய நிறுவனத்துக்கு வருடத்துக்கு 1,320 பவுண், சிறியதற்கு 480 பவுண் (2025 டிசம்பரில் உயர்ந்த தொகை). சான்றுக்கான கட்டணம் வேறு. இந்த இரண்டையும் ஊழியரிடம் வாங்கவே கூடாது. அவுஸ்திரேலியாவில் ஸ்பொன்சர்ஷிப்புக்குப் பதிலாகப் பணம் கேட்பது 2015 டிசம்பர் முதல் குற்றம். கொடுத்தவரின் விசாவையும் ரத்துச் செய்யலாம். நியூசிலாந்தில் வேலை கொடுப்பதற்காகப் பணம் வாங்குவதை அவர்களின் சம்பளப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிற்சட்டமும் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது விசாக் கட்டணம், பிரித்தானியா என்றால் வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம், ஆங்கிலப் பரீட்சை, மருத்துவப் பரிசோதனை போன்றவை. அவை எல்லாம் உங்கள் பெயரில் ரசீதோடு நேராக உரிய இடத்துக்குப் போகும் பணம்.

விசிட் விசாக் கதையையும் நம்ப வேண்டாம். பிரித்தானியாவுக்குச் சுற்றுலா விசாவில் போனவர் அங்கிருந்தபடி வேலை விசாவுக்கு மாற முடியாது. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விசிட் விசாவில் போய்க் களவாக வேலை செய்தால் பட்டம் பெற்ற பொறியியலாளர் கிடங்கில் பெட்டி தூக்கும் நிலைதான் வரும், அதுவும் பிடிபடும் வரைக்கும்.

கொடுத்த 75,000 ரூபாவும் கடவுச்சீட்டும்

இந்த வாரமே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்குங்கள். அதைப் பிடித்து வைக்க ஒரு தனியாருக்கு எந்த உரிமையும் இல்லை. தர மறுத்தால் அங்கேயே சண்டை பிடிக்காமல் நேரே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். பெரும்பாலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் காட்டியதுமே கடவுச்சீட்டு மேசைக்கு வந்துவிடும்.

பிறகு ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? இப்படிப்பட்ட இடங்களில் "கல்வி ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் எழுதித் தருவார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். அது இல்லாதவர்கள் ரசீதில் "வேலை" என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்வார்கள். அதனால் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், வங்கியில் போட்ட சிட்டை எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். ரசீது சொல்லாததை அவை சொல்லும். உரிமம் உண்டா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம், 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். உரிமம் இருந்தாலும் அது மட்டும் போதாது. இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகத்தின் அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பணியகத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள். ஏமாற்றிப் பணம் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழும் குற்றம்தான், ஆகவே பொலிஸிலும் முறையிடலாம். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் படித்த பிள்ளைகள்தான் "ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று அதிகம் மௌனமாக இருக்கிறார்கள். அதே ஆள் அடுத்த தோட்டத்தில் அடுத்த பிள்ளையைப் பிடிக்க அந்த மௌனமே வசதியாகப் போகிறது.

உங்கள் உரிமம் எங்கே உதவும், எங்கே உதவாது

நீங்கள் மனம் நொந்து எழுதிய கேள்வி இது. ஆறு வருடம் உழைத்துப் பெற்ற பட்டயத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். அவர்கள் அதைக் குறைவாக எண்ணவில்லை, தங்கச்சி. நமது பொறியியல் பேரவைப் பதிவு இலங்கைக்குள் தொழில் செய்யும் உரிமை. அது எல்லை தாண்டிச் செல்லாது. சட்டத்தரணியான எனக்கும் அதே நிலைதான். ஆனால் அந்தப் பட்டயத்துக்கு அடியில் இருக்கும் பட்டம் எல்லை தாண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பாகியது. அதற்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா, கனடா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தங்கள் பட்டங்களுக்கு நிகராக ஏற்கின்றன. பேராதனையில் நீங்கள் பெற்ற 2019 ஆம் ஆண்டுப் பட்டம் அந்தக் காலத்துக்குள் வருகிறது.

இதனால் அந்த 3 இலட்ச ரூபாத் தகுதி அறிக்கையும் உங்களுக்குத் தேவைப்படாது. அவுஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் பொறியியலாளரை மதிப்பிடுவது எஞ்சினியர்ஸ் ஒஸ்ட்ரேலியா என்ற அமைப்பு. அங்கீகாரம் இல்லாத பட்டம் வைத்திருப்பவர்தான் மூன்று அனுபவக் கட்டுரைகளோடு அந்த நீண்ட அறிக்கையை எழுத வேண்டும். உங்களுக்கு வாஷிங்டன் உடன்படிக்கை வழி திறந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியலில் உங்கள் பாடநெறியும் ஆண்டும் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பட்டியல், ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றோடு நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சீனியர்களில் 2014 க்கு முன் முடித்தவர்களுக்கு அந்த அறிக்கை தேவைப்படும். அவர்களும் அதைக் காசு கொடுத்து எழுதுவிக்கக் கூடாது. பிறர் எழுதியதைப் பிரதி செய்திருந்தால் கண்டுபிடித்து நிராகரிக்கிறார்கள்.

அங்கே போன பிறகு உள்ளூர் உரிமம் தேவையா என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரித்தானியாவில் சாதாரண சிவில் பொறியியலாளராக வேலை தொடங்க எந்தப் பதிவும் கட்டாயமில்லை. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவைக் கேட்கிறது, ஆனால் பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி உரிமம். அதுவரை உரிமம் பெற்றவரின் கீழ் பணி செய்து அனுபவம் சேர்க்கலாம். சவூதியில் அவர்களின் பொறியியலாளர் சபைப் பதிவு இல்லாமல் பொறியியலாளராக வேலை அனுமதியே கிடையாது.

ஸ்பொன்சர் இல்லாமலே ஒரு வழி

ஸ்பொன்சர் கிடைத்தால்தான் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் திருத்த விரும்புவது இதைத்தான். அவுஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாக்களுக்கு வேலை தருபவரே தேவையில்லை. 45 வயதுக்குக் குறைந்திருக்க வேண்டும், தொழில் பட்டியலில் இருக்க வேண்டும் (சிவில் பொறியியலாளர் இருக்கிறது), தகுதி மதிப்பீடு வேண்டும், ஆகக் குறைந்தது 65 புள்ளி வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. இளமானிப் பட்டத்துக்கு 15. அவுஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 10. தனியாள் என்பதால் 10. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10. மொத்தம் 75. நான்கிலும் 8 எடுத்தால் 85. ஒரு மாநிலம் பரிந்துரைத்தால் இன்னும் 5, பிராந்திய விசா என்றால் 15 கூடும். 65 என்பது வாசலில் நிற்பதற்கான புள்ளிதான், விசாவுக்கு விண்ணப்பிக்கும்படி வரும் அழைப்பு பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கே போகிறது. அதனால் ஆங்கிலத்துக்குச் செலவழிக்கும் ஆறு மாதம்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான பத்துப் புள்ளி. இன்னொன்றையும் கவனியுங்கள். 33 ஆவது பிறந்தநாளில் அந்த 30, 25 ஆகிவிடும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் இரண்டு வருடத்தை அந்த ஆலோசகரின் வாசலில் கழிக்கும் அளவுக்கு இல்லை.

செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். விசாக் கட்டணம் மட்டும் 4,900 அவுஸ்திரேலிய டொலர் அளவில் வருகிறது, மதிப்பீட்டுக்கும் பரீட்சைக்கும் வேறு. ஆனால் அந்தப் பெரிய தொகையை அழைப்பு வந்த பிறகுதான் கட்ட வேண்டும். அதுவரை படிப்படியாகச் சேர்க்கலாம்.

ஸ்பொன்சரைத் தேடுவதென்றால்

அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யலாம். மூன்று நாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு உங்கள் விஷயத்தில் அதிகம் நம்பிக்கை தருவது நியூசிலாந்து. அங்கே அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மட்டுமே வெளிநாட்டவரை எடுக்கலாம். சிவில் பொறியியலாளர் அவர்களின் பசுமைப் பட்டியலில் (ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களின் பட்டியல்) முதல் அடுக்கில் இருக்கிறது. அதாவது தகுதி பொருந்தி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வேலை கிடைத்தால், நேராக நிரந்தர வதிவிடத்துக்கே விண்ணப்பிக்கலாம். வாஷிங்டன் உடன்படிக்கைப் பட்டம் அங்கே கேட்கப்படும் தகுதிகளில் ஒன்று. அத்தோடு, 2023 பெப்ரவரியில் கேப்ரியல் சூறாவளி வந்தபோது அவர்களின் மலைப்பாதைகள் பல இடங்களில் சரிந்தன. சரிவைத் தாங்கத் தெரிந்தவர்களின் வேலை அங்கே ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை.

பிரித்தானியாவில் சம்பள எல்லை கடுமையாகிவிட்டது. 2025 ஜூலை முதல் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண், அல்லது அந்தத் தொழிலுக்குரிய சம்பளம், இரண்டில் கூடியது வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து ஆங்கிலத்தில் பி2 (மேல் இடைநிலை) நிலையும் கேட்கிறார்கள். உங்கள் பட்டம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை எக்டிஸ் என்ற அமைப்பின் மூலம் நிரூபித்தால் அந்தப் பரீட்சையைத் தவிர்க்கலாம். ஸ்பொன்சர் உரிமம் வைத்திருக்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பட்டியலை அரசே இலவசமாக இணையத்தில் போடுகிறது. அதில் பெயர் இல்லாத நிறுவனத்துக்கு விண்ணப்பித்து மினக்கெட வேண்டாம். சின்னக் கட்டுமான நிறுவனங்கள் பதில் போடாததற்குக் காரணம், நான் மேலே சொன்ன வரியும் கட்டணமும்தான். மூன்று வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண் கூடுதலாகக் கொடுத்து ஒருவரை எடுக்க அவர்களுக்குக் காரணம் வேண்டும். பெரிய வடிவமைப்பு ஆலோசனை நிறுவனங்கள், புவித்தொழில்நுட்பப் பிரிவு வைத்திருப்பவை, நீர் வழங்கல், ரயில், வீதித் திட்டங்களில் இருப்பவை ஆகியவற்றையே குறிவையுங்கள். ஸ்கொட்லாந்தில் ஏ83 என்ற மலைவீதி அடிக்கடி மண்சரிவால் மூடப்படுகிறது. அங்கே இதற்காகவே தனித் திட்டங்கள் ஓடுகின்றன.

வளைகுடாவில் வேலை விரைவாகக் கிடைக்கும், சேமிக்கவும் முடியும். ஆனால் விசாவில் எழுதியிருக்கும் தொழில் "பொறியியலாளர்" தானா என்று பாருங்கள். மேற்பார்வையாளர், தொழில்நுட்பவியலாளர் என்று எழுதிய விசாவில் போய் இறங்கினால், செய்வது பொறியியல் வேலையாக இருந்தாலும் சம்பளமும் அனுபவச் சான்றும் வேறாகத்தான் வரும். கையெழுத்திடும் ஒப்பந்தமும் போய் இறங்கியதும் தரும் ஒப்பந்தமும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் விமானம் ஏறும் முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிடுங்கள். பட்டதாரிகள் இதை வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமானது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் விண்ணப்பத்தாளையும் படித்தேன். "வீதி அபிவிருத்தித் திட்டங்களில் தளப் பொறியியலாளராகக் கடமையாற்றினேன், தரக்கட்டுப்பாடு மற்றும் மேற்பார்வை செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டிலுள்ள எல்லாத் தளப் பொறியியலாளரும் எழுதுவது இதைத்தான். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பருவமழையில் ஒரு தாங்குசுவரின் பின்னால் நீர் தேங்கி சுவர் வெளியே தள்ளத் தொடங்கியதையும், கம்பிக்கூடைச் சுவராகத் திட்டமிட்டிருந்ததை மாற்றி மண்ணுக்குள் இரும்புக் கம்பிகள் இறக்கிப் பிடிக்கும்படி நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்ததையும், அடுத்த மழையில் அது அசையாமல் நின்றதையும் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத்தான் எழுத வேண்டும். சுவரின் உயரம் எவ்வளவு, சரிவின் கோணம் என்ன, மண் எப்படிப்பட்டது, நீர் எங்கே போனது, யார் முடிவெடுத்தார், உங்கள் கணக்கு எது. மண்சரிவு அபாயத்தை ஆராயும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைகளோடு வேலை செய்திருக்கிறீர்கள் என்றால் அதையும் போடுங்கள். மலையகத்தில் வேலை பார்த்ததைக் குறையாக நினைத்து "கண்டி" என்று மட்டும் எழுதி மறைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதில் பெறுமதி கூடியது அதுதான்.

படிவத்தில் அனுமதி பற்றிய கேள்விக்கு உண்மையையே போடுங்கள். "ஆம்" என்று பொய் போட்டுக் கடைசிக் கட்டத்தில் பிடிபடுவதால் ஒரு நன்மையும் இல்லை. கூட வைக்கும் கடிதத்தில் இரண்டு வரி சேர்க்கலாம்: இன்ன விசாவுக்கு என் பட்டமும் சம்பள நிலையும் பொருந்தும், ஆங்கிலப் பெறுபேறு கையில் இருக்கிறது, இத்தனை வாரத்தில் வேலையில் சேரலாம். ஸ்பொன்சர்ஷிப் என்றதும் ஆட்சேர்ப்பு அதிகாரிக்கு வரும் தயக்கம் இதனால் குறையும்.

பெயரும் பத்திரமும்

எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம். உங்கள் பெயர் பட்டச் சான்றிதழில் இருப்பதற்கும் கடவுச்சீட்டில் இருப்பதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வித்தியாசம். இது உங்கள் தவறே இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயரை அம்மா வாயால் சொல்ல, கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுத, பதிவாளர் சிங்களத்தில் பதிய, பிறகு பாடசாலை அதிபர் தமிழில் திருத்த, கடைசியில் எல்லாம் ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஆகிவிடுகிறது. மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்.

ஆனால் விசா அதிகாரி இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஒரு தாளில் எல்லாப் பத்திரங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது, பிறந்த திகதி என்ன என்று குறித்துப் பாருங்கள். கடவுச்சீட்டை அடிப்படையாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பிழையைத் திருத்தப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பழைய பாடசாலைப் பதிவு, பெற்றோரின் அடையாள அட்டை போன்றவற்றை ஆதாரமாகக் கேட்பார்கள். பட்டச் சான்றிதழைத் திருத்துவது பற்றிப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் எழுதிக் கேளுங்கள். திருத்த முடியாத இடத்தில், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாதக்கணக்கில் போகலாம், அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. பட்டச் சான்றிதழ் உண்மையானது என்ற சான்றுறுதியைக் கேட்கும் நாடுகளுக்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அதைச் செய்துகொள்ளலாம்.

தாத்தாவின் பத்திரத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 1948 இல் மலையகத் தமிழரான நம்மவர்களின் பிரஜாவுரிமை பறிபோனதும், 1964 இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிந்ததும், 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் நாடற்றவர்களாக இருந்ததும் நம் வீடுகளில் இன்னும் பயமாக வாழ்கின்றன. எங்கே ஒரு படிவத்தைக் கண்டாலும் "பத்திரம் எங்கே?" என்று கேட்பார்களோ என்று அம்மாமார் பதறுவதை நான் அறிவேன். ஆனால் வேலை விசாவுக்கு யாரும் தாத்தாவின் பிரஜாவுரிமையைக் கேட்பதில்லை. உங்கள் செல்லுபடியான இலங்கைக் கடவுச்சீட்டு போதும். அந்த ஆலோசகர் "இந்திய வம்சாவளி என்பதால் தனியாகச் சரிபார்க்க வேண்டும்" என்று சொல்லிப் பணம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது அப்பட்டமான பொய், அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

வேலையை விடுவது பற்றி

விடவே வேண்டாம். அனுபவப் புள்ளி கூடுவது வேலையில் இருக்கும்போதுதான். இடைவெளி விழுந்த விண்ணப்பத்தாளைவிட, இன்றைக்கும் தளத்தில் நிற்கும் பொறியியலாளரின் விண்ணப்பத்தாளுக்கே பதில் வரும். அத்தோடு உங்கள் சம்பளத்தில்தான் பரீட்சைக்கும் மதிப்பீட்டுக்கும் காசு சேர வேண்டும். இப்போதைக்கு உங்கள் நிறுவனத்திடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சேர்ந்த திகதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், என்னென்ன பணி என்று விவரமாக, கடிதத் தலைப்பில், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தெரியும்படி ஒரு சேவைக் கடிதம். வெளிநாடு போக என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் தொழில்சார் பதிவுக்கு என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். மாதச் சம்பளச் சீட்டுகளையும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். விசா கையில் வந்து, பயணத் திகதியும் உறுதியான பிறகு, ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தல் காலத்தைக் கொடுத்து விலகல் கடிதத்தை எழுதலாம்.